பாதி தள்ளினாலே ஓடுகிறார் மரியோ: நின்டெண்டோ 64-க்கு ஒரு மாற்று கன்ட்ரோலர்

நின்டெண்டோ 64 என்ற பழைய வீடியோ கேம் கன்சோலை வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள், பெட்டியைப் பற்றி யாரும் புலம்ப மாட்டார்கள். 1996-ல் வந்த கன்சோல் இன்றும் ஸ்விட்சைத் தட்டினால் எழுந்து நிற்கிறது. உயிரை வாங்குவது கன்ட்ரோலர்தான். அதிலும் நடுக்கைப்பிடியில் இருக்கும் அந்தச் சாம்பல் நிற ஸ்டிக்.

அந்த ஸ்டிக், பழைய உருண்டை மவுஸ் வேலை செய்த அதே முறையில் வேலை செய்கிறது. குச்சியின் அடிமுனை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வளைந்த கைகள் அதைக் கவ்வியிருக்கும். குச்சி சாய்ந்தால் கை சாயும், கை சாய்ந்தால் விளிம்பில் கீறல் வெட்டிய ஒரு வட்டு திரும்பும், கீறல்கள் வழியே அகச்சிவப்பு ஒளி விட்டு விட்டுப் போகும். கன்ட்ரோலரில் இருக்கும் சிப் அதை எண்ணிக்கொண்டே இருக்கும். மின்னழுத்தத்தை அளப்பதெல்லாம் கிடையாது, வெறும் எண்ணிக்கை. அதனால்தான் கன்சோலை ஆன் செய்யும்போது ஸ்டிக்கைத் தொடக் கூடாது என்பார்கள். அந்த நொடியில் அது எங்கே நிற்கிறதோ அதுதான் பூஜ்யம். கை பட்டுவிட்டால், எல், ஆர், ஸ்டார்ட் பொத்தான்கள் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பூஜ்யத்தைத் திரும்ப வைத்துக்கொள்ளும்.

கோளாறு எங்கே என்றால், பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசுவதில். நன்றாக ஆடித் தேய்ந்த கன்ட்ரோலரைத் திறந்தால் கிண்ணம் முழுக்க வெள்ளைத் தூள் இருக்கும். அது அழுக்கு இல்லை, குச்சியும் கிண்ணமும் கரைந்த தூள். முதலாவது மரியோ பார்ட்டி விளையாட்டில் ஸ்டிக்கை வேகவேகமாகச் சுற்றச் சொல்லும் ஆட்டங்கள் உண்டு. பிள்ளைகள் உள்ளங்கையை வைத்துச் சுற்றித் தோல் உரிந்து, புகார் போய், 2000-ல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தோடு நின்டெண்டோ ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அமெரிக்காவில் கேட்டவர்களுக்கெல்லாம் கையுறை தருவதாக ஏற்றுக்கொண்டார்கள். உள்ளங்கைக்குக் கையுறை கிடைத்தது, கிண்ணத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

தேய்ந்த ஸ்டிக் இரண்டு விதத்தில் கெடுக்கும். ஒன்று, நடுவில் தொளதொளவென்று ஆடும். அதோடு பழகிவிடலாம். மற்றது, ஓரம் வரை தள்ளினாலும் எண்ணிக்கை ஏறாது. இதற்குப் பழக்கம் உதவாது. நல்ல ஒரிஜினல் ஸ்டிக் நேர்த் திசைகளில் 80-லிருந்து 85 வரை காட்டும். என்னிடம் உள்ள பழையது 65-க்கு மேல் நகர மறுத்தது. சேதாரமில்லாத ஒரிஜினலுக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் ஆடும் ஆசையே போய்விடும் என்பதால், புதிதாக வார்த்து விற்கும் மாற்று கன்ட்ரோலர் ஒன்றை வாங்கினேன். பிராண்டைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பயனில்லை. ஒரே அச்சில் வார்த்து ஐந்தாறு பெயரில் விற்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்பது பெட்டியைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது கடைசியில் வரும்.

முதலில் சோதனை மேடை. என் கன்சோல் அமெரிக்க மாடல், 120 வோல்ட் கேட்கும். அதனால் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் எப்போதும் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கும். டிவி, பழைய பிக்சர் டியூப் வகை. கன்ட்ரோலரைச் சோதிக்கும்போது இது முக்கியம். இன்றைய எல்இடி டிவிகளில் பல, பழைய ஏவி சிக்னலை வாங்கி மாற்றிக் காட்டுவதற்கே கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும். அந்தத் தாமதத்துக்குக் கன்ட்ரோலரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

ஆனால் டிவியைப் பார்த்து ஸ்டிக்கை எடைபோட முடியாது. எண்ணைப் பார்க்க வேண்டும். அதற்கு ராஸ்பெரி பை பிகோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று போதும். இந்தக் கன்ட்ரோலருக்கு மூன்றே வயர்தான்: 3.3 வோல்ட், கிரவுண்ட், டேட்டா. பிகோவும் 3.3 வோல்ட்டில் ஓடுவதால் நேராக இணைக்கலாம். ஆர்டுவினோ ஊனோ 5 வோல்ட் போர்டு, அதை நேராகச் செருகாதீர்கள்.

ஒரே டேட்டா வயரில்தான் கன்சோல் கேட்பதும் கன்ட்ரோலர் பதில் சொல்வதும். ஒரு பிட்டுக்கு 4 மைக்ரோவினாடி. அதில் 3 மைக்ரோவினாடி வயர் கீழே இறங்கியிருந்து 1 மைக்ரோவினாடி மேலே இருந்தால் பூஜ்யம். 1 கீழே, 3 மேலே என்றால் ஒன்று. வயரைக் கீழே இழுப்பது மட்டும்தான் இருவர் வேலை, மேலே ஏற்றிவிடுவது புல்-அப் ரெசிஸ்டர். பிகோவுக்குள் இருக்கும் புல்-அப் சுமார் 50 கிலோஓம், இந்த வேகத்துக்கு அது காணாது. கேபிளின் மின்தேக்கத்தை நிரப்பி மேலே ஏறுவதற்குள் அடுத்த பிட் வந்துவிடும். வெளியே ஒரு 1 கிலோஓம் போட்டேன், அலைவடிவம் சதுரமாக நின்றது. வயர் ஏறி இறங்கும் நேரத்தைப் பதிவுசெய்து காட்டும் மலிவான எட்டுச் சேனல் லாஜிக் அனலைசரில் பார்த்ததில், மாற்று கன்ட்ரோலரின் பிட் நேரம் ஒரிஜினலுக்கு மிக அருகில் இருந்தது. கேள்வியும் பதிலும் சேர்த்தே 200 மைக்ரோவினாடிக்குள் முடிகிறது. ஆக, வயர் வைத்த கன்ட்ரோலரில் 'லேக்' (தாமதம்) என்று யாராவது சொன்னால் முதலில் டிவியைச் சந்தேகப்படுங்கள்.

பதிலாக வருவது நான்கு பைட். முதல் இரண்டில் பொத்தான்கள், அடுத்த ஒன்றில் ஸ்டிக்கின் கிடைமட்ட எண், கடைசியில் செங்குத்து எண். ஒவ்வொன்றும் −128 முதல் 127 வரை போகலாம். இந்த 127 என்ற எண்தான் வினை. தாளில் பார்த்தால் 'முழு வீச்சு 127' என்று இருக்கிறது, ஒரிஜினல் கன்ட்ரோலரோ 85-க்கு மேல் போவதில்லை. விளையாட்டுகளை எழுதியவர்கள் எல்லோரும் கையில் அந்த ஒரிஜினலை வைத்துக்கொண்டுதான் எழுதினார்கள்.

பொத்தான்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஏ, பி, நான்கு மஞ்சள் சி பொத்தான்கள் எல்லாம் ரப்பர் மெம்பிரேன், அழுத்தம் ஒரிஜினலைவிடக் கொஞ்சம் விறைப்பு, குறை சொல்ல முடியாது. பின்னால் இருக்கும் இசட் பொத்தானுக்கு மட்டும் கிளிக் சத்தம் போடும் சின்ன ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். கோல்டன்ஐ விளையாட்டில் துப்பாக்கி சுடும் பொத்தான் அது. ராத்திரியில் ஆடினால் பக்கத்து அறைக்குக் கேட்கும். திசைச் சிலுவை சுமார்தான். கட்டைவிரலை வலப்பக்கம் வைத்து லேசாக உருட்டினாலே மேல் பொத்தானும் சேர்ந்து பதிவாகிறது. கிர்பி 64 போன்ற, சிலுவையை வைத்தே ஆட வேண்டிய விளையாட்டுக்கு இது தொந்தரவு. இந்தக் கன்சோலில் அப்படிப்பட்டவை குறைவு என்பதால் விட்டுவிட்டேன். எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரிஜினல் ஸ்டார்ட்டை மறைத்துவிட்டு 'பூஜ்யம் வைத்தாயிற்று' என்று தனியாக ஒரு பிட்டை ஏற்றிக் காட்டும். இதுவோ மூன்று பொத்தானையும் அப்படியே அனுப்புகிறது, பூஜ்யத்தைத் தொடவில்லை. அதாவது கன்சோலை அணைத்து ஆன் செய்வதுதான் இதற்கு ஒரே வழி.

அப்புறம் ஸ்டிக். வலது ஓரம் வரை தள்ளினேன்: 110. இடது: −110-ஐ ஒட்டி. மேலும் கீழும் அதே கதை. விற்கிறவர்கள் இதையே பெருமையாகச் சொல்வார்கள், 'ஒரிஜினலைவிட அதிக வீச்சு' என்று. சூப்பர் மரியோ 64 விளையாட்டைப் போட்டு மரியோவை ஓடவிட்டால் முதல் ஐந்து நிமிடம் எனக்கும் பிடித்திருந்தது. தட்டினால் பறக்கிறார். பிறகு, தூங்கிக்கொண்டிருக்கும் பிரான்யா செடியின் பக்கம் பூனைநடை போட்டுப் போக வேண்டிய இடம் வந்தது. செடி ஒவ்வொரு முறையும் விழித்துக்கொண்டது.

காரணம் ஊகம் இல்லை, கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். சூப்பர் மரியோ 64-ன் மூலநிரலை ரசிகர்கள் கேட்ரிட்ஜிலிருந்து பின்னோக்கிப் போய் சி மொழியில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அதன்படி, ஸ்டிக் எண் 8-க்குக் கீழே இருந்தால் விளையாட்டு அதைக் கண்டுகொள்வதில்லை. 8-ஐ எட்டினால் அதிலிருந்து 6-ஐக் கழிக்கிறது. கழித்து வந்தது 64-க்கு மேல் போனால் 64-லேயே நிறுத்திவிடுகிறது. ஆக, ஸ்டிக் 70 காட்டினாலே முழு வேகம். அதற்கு மேல் வருவதெல்லாம் வீண்.

85 வரை போகும் ஒரிஜினலில் 70 என்பது ஓரத்துக்குச் சற்று முன்னால் வருகிறது, முழுத் தள்ளலில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல். 110 வரை போகும் என் மாற்று கன்ட்ரோலரில் அது நூற்றுக்கு அறுபத்து நான்கு பங்கிலேயே வந்துவிடுகிறது. மிச்சம் மூன்றில் ஒரு பங்கு அசைவு சும்மா.

அது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். விளையாட்டு இந்த எண்ணை 64-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, அதை வைத்துத்தான் வேகத்தை முடிவு செய்கிறது. மெதுவாக நடக்கும் பகுதியில் விரலுக்கு அதிக இடம் கொடுப்பதற்காக வேண்டுமென்றே செய்த வேலை. ஒரிஜினலைப் பாதி தள்ளினால் 42. 6 போனால் 36. 36-ஐ 64-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.32. அதாவது முழு வேகத்தில் மூன்றில் ஒன்றுகூட இல்லை, ஆற அமர நடை. மாற்று கன்ட்ரோலரைப் பாதி தள்ளினால் 55. 6 போனால் 49, வர்க்கம் 0.59. அதே விரல், அதே சாய்வு, கிட்டத்தட்ட இரட்டை வேகம். கால் பங்கு தள்ளினாலும் இதே இரட்டைதான் வருகிறது. செடி விழிக்காமல் என்ன செய்யும்?

என் தேய்ந்த ஒரிஜினலுக்கும் இதே கணக்கைப் போடலாம். 65-ல் 6 போனால் 59, வர்க்கம் 0.85. எவ்வளவு அழுத்தினாலும் மரியோவின் வேகத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு காணாமல் போகிறது. ஒன்று ஓட மறுக்கிறது, இன்னொன்று நடக்க மறுக்கிறது.

திறந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பின்பக்கம் சாதாரண பிலிப்ஸ் திருகுகள். கன்சோலுக்கும் கேட்ரிட்ஜுக்கும் தேவைப்படும் விசேஷத் திருப்புளி இதற்கு வேண்டாம். உள்ளே ஒரு பெரிய போர்டு, அதன் நடுவில் சிப்பை மூடிய கறுப்புப் பசைக் குமிழ். அந்தக் குமிழுக்குள் இருக்கும் நிரலை மாற்ற வழியில்லை. ஸ்டிக் தனியாக ஒரு குட்டிப் போர்டில் இருந்தது, நான்கு வயருள்ள ரிப்பன் வழியாகப் பெரிய போர்டில் செருகியிருந்தது. ஒளி, வட்டு, கீறல் எதுவும் இல்லை. ரேடியோ ரிப்பேர் கடையில் வால்யூம் கன்ட்ரோல் என்பார்களே, அதே ஜாதி பொட்டென்ஷியோமீட்டர் இரண்டு, ஒரு ஸ்பிரிங் கூண்டின் இரண்டு பக்கத்தில்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வகை ஸ்டிக்கைவிட, காந்தத்தை வைத்து அசைவை அளக்கும் ஹால் சென்சார் ஸ்டிக் உயர்ந்தது என்று விளம்பரங்கள் சத்தியம் செய்கின்றன. தேய்மானம் என்ற ஒரு விஷயத்தில் அது உண்மை. ஹால் சென்சாரில் உரசும் கார்பன் பட்டை கிடையாது. ஆனால் அதுவும் சிப்புக்கு ஒரு மின்னழுத்தத்தைத்தான் கொடுக்கிறது. அந்த மின்னழுத்தத்தை 110 என்று எழுதுவதா 85 என்று எழுதுவதா என்பதைச் சிப்பில் உள்ள நிரல்தான் முடிவு செய்கிறது. சென்சார் பெயரைப் பார்த்துப் பணத்தைக் கொட்டினால், பத்து வருடம் தேயாமல் தப்பாகவே ஓடும் ஒரு ஸ்டிக் கிடைக்கலாம்.

எண்கோணச் சட்டத்தையும் பார்த்தேன். ஒரிஜினலில் குச்சி அந்தச் சட்டத்தில் போய் முட்டி நிற்கும், எட்டு மூலையும் விரலுக்குத் தெரியும். இதிலும் எண்கோணம் இருக்கிறது. ஒரு மூலைக்குக் குச்சியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குச்சிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு துண்டு பஸ் டிக்கெட்டை விட்டேன். தாராளமாகப் போய் வந்தது. குச்சியை நிறுத்துவது வெளியே தெரியும் எண்கோணம் இல்லை, உள்ளே இருக்கும் கூண்டின் வட்ட வாய். எண்களும் அதையே சொன்னன: நேர்த் திசையில் 110, மூலையில் இரண்டு அச்சிலும் 78. வட்டத்துக்கு வர வேண்டிய கணக்கு அச்சாக அதுதான். எட்டு மூலை என்பது அலங்காரம்.

ரிப்பனில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் சிவப்பு 3.3 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், மற்ற இரண்டும் இரண்டு அச்சுகள். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது வெள்ளையில் 1.65 வோல்ட். வலது ஓரத்தில் 3.07. இதை அளந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சிப் 3.3 வோல்ட்டை 256 படியாகப் பிரித்து, நடுவிலிருந்து எத்தனை படி என்று நேராக எழுதுகிறது என்றால், 3.07 வோல்ட்டுக்கு 110 வர வேண்டும். வருகிறது. பாதி தள்ளிப் பிடித்து அளந்தேன், அதுவும் நேர்க்கோட்டில் உட்கார்ந்தது. சில கன்ட்ரோலர்கள் நாம் தள்ளிய அதிகபட்சத்தை நினைவில் வைத்துக்கொண்டு அளவுகோலைத் தாமே இழுத்துக்கொள்ளும். அப்படிப்பட்டதில் வெளியே என்ன செய்தாலும் எடுபடாது. இது அந்த ரகம் இல்லை. மின்னழுத்தத்தைக் குறைத்தால் எண்ணும் குறையும்.

அப்படியானால் வேலை சுலபம். பொட்டென்ஷியோமீட்டரின் இரண்டு முனைக்கும் வெளியே ஆளுக்கொரு ரெசிஸ்டரைத் தொடராக மாட்டினால், முழு 3.3 வோல்ட்டும் அதன்மேல் விழாது. மேலேயும் கீழேயும் ஒரே அளவு வெட்டுப்படும், நடு அப்படியே நிற்கும். இரண்டு பொட்டென்ஷியோமீட்டருக்கும் நான்கு ரெசிஸ்டர் வேண்டுமே என்று தோன்றும். வேண்டாம். இரண்டின் மேல்முனையும் சிவப்பு வயரிலும், கீழ்முனையும் கறுப்பு வயரிலும் சேர்ந்திருப்பதால், வயருக்கு ஒன்றாக இரண்டே போதும். ஓர் அச்சை அசைத்தால் மற்றது ஆடுமோ என்ற பயமும் தேவையில்லை. நடுமுனை எங்கே நகர்ந்தாலும் முனைக்கு முனை மின்தடை மாறுவதில்லை.

எவ்வளவு ஓம்? ரிப்பனைப் பெரிய போர்டிலிருந்து கழற்றிவிட்டு, சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே அளந்தேன். கழற்றாமல் அளந்தால் சிப்பும் சேர்ந்து பொய்க்கணக்கு வரும். 4.96 கிலோஓம். 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் இரண்டு இணையாக இருக்கின்றன, 5 என்றே வைத்துக்கொள்ளலாம். 110-ஐ 85 ஆக்க வேண்டும், அதாவது 0.77 மடங்கு. 5-ஐ 6.5-ஆல் வகுத்தால் 0.77. கூடுதலாக வேண்டியது 1.5 கிலோஓம், பக்கத்துக்குப் பாதியாக 750 ஓம்.

கொஞ்சம் யோசித்தது மூலைகளை நினைத்துத்தான். 750 போட்டால் நேரில் 85 வரும், மூலையில் 60. ஒரிஜினலில் மூலை கிட்டத்தட்ட 70 காட்டும், ஏனென்றால் அங்கே எண்கோணம் நிஜம். 560 போட்டால் நேரில் 90, மூலையில் 64, நடுவழிச் சமரசம். மரியோவில் இரண்டு அச்சையும் சேர்த்துத்தான் நீளம் கணக்கிடப்படுகிறது. 60-ம் 60-ம் சேர்ந்தால் 70-ஐத் தாராளமாகத் தாண்டிவிடும், மூலைக் குறைவு அதில் தெரியவே தெரியாது. அச்சைத் தனித்தனியாகப் படிக்கும் விளையாட்டுகளில்தான் மூலைத் திருப்பம் கொஞ்சம் சோம்பும். நான் ஆடுவது பெரும்பாலும் மரியோ. 750-க்கே போனேன்.

சென்னை ரிச்சி தெருவில் 750 ஓம் கேட்டால் சில கடைகளில் உதட்டைப் பிதுக்குவார்கள். 1.5 கிலோஓம் எங்கும் உண்டு. இரண்டை இணையாக முறுக்கினால் 750 தயார். ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் வாங்குங்கள். மேலும் கீழும் வேறுபட்டால் நடு நகரும். ஆன் செய்யும்போது பூஜ்யம் வைத்துக்கொள்ளும் என்பதால் அது பெரிய விஷயமில்லை என்றாலும், ஒரு பக்கம் 88, மறுபக்கம் 82 என்று வந்து நிற்கும்.

ரிப்பனின் சிவப்பையும் கறுப்பையும் நடுவில் வெட்டி, முனைகளில் ஈயம் பூசி, ஹீட் ஷ்ரிங்க் குழாயை முதலில் கோத்துவிட்டு, ரெசிஸ்டரை வைத்துச் சால்டர் செய்தேன். வயர் இழை தலைமுடி கனம்தான். சால்டரிங் அயர்னை அதிகநேரம் வைத்தால் உறை சுருங்கி உள்ளே ஓடிவிடும். மூடும்போது ரெசிஸ்டர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். நடுக்கைப்பிடிக்குள் இசட் பொத்தானின் முதுகுப்பக்கம் காலியாக ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் மடித்து வைத்து ஒரு சொட்டு ஹாட் குளூ.

பிகோவில் மாட்டினால்: வலது 84, இடது −85, மேல் 85, கீழ் −84. மூலை 59, 60. பாதி தள்ளலில் 42. மரியோ நடந்தார். செடியின் அருகில் போய் நின்றேன், அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சிப்பின் நிரலில் ஏற்கெனவே ஒரு செத்த பகுதி இருக்கிறது. நடுவிலிருந்து 10 படி தாண்டும்வரை பூஜ்யம் என்றே சொல்லும், பிறகு சட்டென்று 10-க்குத் தாவும். முன்பு அது முழு அசைவில் பதினொன்றில் ஒரு பங்கு. இப்போது எட்டரையில் ஒரு பங்கு. துப்பாக்கிக் குறியை மயிரிழை நகர்த்த வேண்டிய கோல்டன்ஐயில் இந்தத் தாவல் கையில் தட்டுப்படுகிறது. நிரலைத் தொட முடியாத வரை இதற்கு மருந்து இல்லை.

இன்னொன்று, ஓரத்திலிருந்து விரலைச் சட்டென்று எடுத்தால் ஸ்பிரிங் ஸ்டிக்கை நடுவைத் தாண்டி மறுபக்கம் வீசிவிட்டுத் திரும்புகிறது. பிகோவை வினாடிக்கு ஆயிரம் முறை படிக்கச் சொன்னதில், வலது ஓரத்திலிருந்து விட்டால் ஒரு கண நேரம் −22 காட்டியது. ரெசிஸ்டருக்குப் பிறகு −17. சூப்பர் மரியோ 64 வினாடிக்கு 30 ஃபிரேம் ஓடுகிறது. அது ஸ்டிக்கைப் படிக்கும் நொடி இந்தத் துள்ளலோடு ஒத்துப்போனால், வலப்பக்கம் ஓடி நின்றவர் இடப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வெள்ளை, மஞ்சள் வயர்களிலிருந்து கிரவுண்டுக்கு ஆளுக்கொரு 1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் வைத்தால் துள்ளல் கொஞ்சம் அடங்கும். ஆனால் ஸ்டிக்கின் ஒவ்வோர் அசைவும் அந்த அளவுக்கு மந்தமாகும். எனக்கு மந்தத்தைவிட முகத்திருப்பல் தேவலை, வைக்கவில்லை.

பின்பக்கத் துளையில் செருகும் பேக்குகளையும் பார்த்துவிட்டேன். சேமிப்புக்கான கன்ட்ரோலர் பேக் 32 கிலோபைட் நினைவகம், உள்ளே ஒரு பொத்தான் பேட்டரிதான் அதை உயிரோடு வைத்திருக்கிறது. புதுக் கன்ட்ரோலரில் செருகுமுன் பழைய சேமிப்புகளை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இதில் படிப்பதும் எழுதுவதும் பிழையில்லாமல் நடந்தது. ரம்பிள் பேக்கும் அதிர்ந்தது. அதற்குள் தனியாக இரண்டு சின்ன பென்சில் பேட்டரி இருப்பதால் கன்ட்ரோலருக்குச் சுமை ஏறுவதில்லை. துளை மட்டும் இறுக்கம். பேக்கைப் பிடுங்கும்போது கன்ட்ரோலர் வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

இருவர் ஆடுவதற்காக இரண்டாவதும் ஒன்று வாங்கினேன். அதே கடை, அதே பெட்டி, பெட்டியில் அதே படம். ஓரத்தில் அதே 110. கையோடு 1.5 கிலோஓம் நான்கை எடுத்து வைத்துவிட்டு, ரிப்பனைக் கழற்றிச் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே அளந்தால் 2.45 கிலோஓம். பொட்டென்ஷியோமீட்டர் 5 கிலோஓம் ஆகிவிட்டது, ரிப்பனின் நிறம்கூட மாறவில்லை. இதில் 750 போட்டால் ஓரத்தில் 68 வரும். மரியோவுக்கு வேண்டியது 70. இதற்கு 360 ஓம் வாங்க வேண்டும்.